ஷேல் பாறையில் எண்ணெய் இருக்கிறதா? ராக்-எவால் அறிக்கையைப் படிக்கும் முறை

வழக்கமான எண்ணெய் வயலில் எண்ணெய் ஒரு பாறையில் உருவாகி, நகர்ந்து வேறொரு பாறையில் தேங்குகிறது. களிமண் படிந்து இறுகிய பாறையான ஷேலில் எண்ணெயின் பெரும்பகுதி, அது உருவான பாறையிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே பாறையின் வேதியியலை அறியாமல் இங்கே ஆய்வு நகராது. பாறைப் பொடியைச் சூடேற்றி அதை அறியும் சோதனைதான் ராக்-எவால். டெக்சாஸின் போர்ட் வொர்த் படுகையில் உள்ள பார்னெட் ஷேலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1981இல் மிட்சல் எனர்ஜி நிறுவனம் அங்கே தோண்டிய கிணறுதான் பின்னாளைய ஷேல் எரிவாயு அலைக்குத் தொடக்கம்.

படி 1: மாதிரி

கிணற்றிலிருந்து வரும் பாறைத் துணுக்குகளைக் கழுவி, குறைந்த சூட்டில் உலர்த்துங்கள். சூடு கூடினால் இலேசான ஹைட்ரோகார்பன்கள் ஆவியாகிவிடும். துளையிடும் சேற்றில் (துளையிடும்போது கிணற்றில் சுற்றவிடும் திரவம்) எண்ணெய் கலந்திருந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். கேட்காமல் பெறும் அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

படி 2: கரிமக் கார்பன்

அமிலத்தால் கார்பனேட்டை நீக்கிவிட்டு, மீதியை எரித்து அளப்பது மொத்தக் கரிமக் கார்பன். ஷேலில் பொதுவாக 2 சதவீதத்துக்கு மேல் எதிர்பார்ப்பார்கள்.

படி 3: சூடேற்றுதல்

ராக்-எவால் கருவி 1970களில் பிரான்சில் உருவானது. பொடித்த பாறையை ஆக்சிஜன் இல்லாமல் 300 டிகிரி செல்சியஸில் வைக்கும்போது ஏற்கெனவே உள்ள எண்ணெய் வெளியேறும், அதுவே எஸ்1. பிறகு நிமிடத்துக்கு 25 டிகிரி வீதம் வெப்பத்தை உயர்த்தும்போது கெரோஜென் (எண்ணெயாக இன்னும் மாறாத திடக் கரிமப் பொருள்) உடைந்து தருவது எஸ்2. எஸ்2 உச்சம் தொடும் வெப்பநிலையை டீமேக்ஸ் குறிக்கிறது.

படி 4: கணக்கு

கணக்கிட்டுப் பழக ஒரு கற்பனை மாதிரி: கரிமக் கார்பன் 4 சதவீதம், எஸ்1 1.6, எஸ்2 4.8 (ஒரு கிராம் பாறைக்கு மில்லிகிராம்), டீமேக்ஸ் 450 டிகிரி.

ஹைட்ரஜன் குறியீடு (கார்பன் அளவுக்கு ஏற்ப, பாறை இன்னும் தரக்கூடியது): 4.8 ÷ 4 × 100 = 120
உற்பத்திக் குறியீடு (மொத்தத்தில் ஏற்கெனவே எண்ணெயான பங்கு): 1.6 ÷ (1.6 + 4.8) = 0.25
எஸ்1-கார்பன் விகிதம்: 1.6 ÷ 4 × 100 = 40

படி 5: பொருள் கொள்ளுதல்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். 120 என்ற ஹைட்ரஜன் குறியீட்டைப் பார்த்ததும், 'தரமற்ற பாறை' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம், முதலில் டீமேக்ஸைப் பாருங்கள். ஏறத்தாழ 435க்குக் கீழே பாறை முதிரவில்லை, அதாவது எண்ணெய் உருவாகும் அளவுக்குச் சூடாகவில்லை. 435 முதல் 470 வரை எண்ணெய் உருவாகும் நிலை. அதற்கு மேல் எரிவாயு. பார்னெட்டுக்காக உருவான சூத்திரம் ஒன்று உண்டு: 0.018 × டீமேக்ஸ் – 7.16. நமது மாதிரிக்கு 0.94 வருகிறது. இது விட்ரினைட் ஒளிப்பிரதிபலிப்பின் (பாறையிலுள்ள தாவர எச்சத் துகள்கள் ஒளியைத் திருப்பும் அளவு, பாறை எவ்வளவு முதிர்ந்தது என்பதற்கான அளவுகோல்) தோராய மதிப்பு. எண்ணெய் நிலையின் பின்பகுதியைக் காட்டுகிறது.

ஆக, இந்தப் பாறை தன் ஹைட்ரஜனில் பெரும்பகுதியை ஏற்கெனவே எண்ணெயாக மாற்றிக் கொடுத்திருக்கக்கூடும். டெக்சாஸின் லாம்பசாஸ் பகுதியில் நிலமட்டத்தில் தெரியும் முதிராத பார்னெட்டில் இதே குறியீடு 300ஐத் தாண்டுகிறது. இன்று எஞ்சியிருப்பதை வைத்து அன்று இருந்ததை எடை போடக்கூடாது. உற்பத்திக் குறியீடு 0.25 என்பதும் இதற்கு ஒத்துப்போகிறது.

எஸ்2 0.2க்குக் கீழே இருந்தால் டீமேக்ஸைப் பொருட்படுத்த வேண்டாம்.

படி 6: எண்ணெய் நகருமா?

எஸ்1-கார்பன் விகிதம் 100ஐத் தாண்டினால் எண்ணெய் கரிமப் பொருளின் பிடியிலிருந்து விடுபட்டு ஓடும் வாய்ப்பு உண்டு. நமது 40 அந்த நிலையை எட்டவில்லை. ஆயினும் துணுக்குகளில் இலேசான பகுதி ஆவியாகிப் போயிருக்கும் என்பதால் உண்மை மதிப்பு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

படி 7: ஆழத்துக்கு எதிராக வரைதல்

எல்லா மாதிரிகளையும் ஒரே வரைபடத்தில் குறியுங்கள். ஓரிடத்தில் எஸ்1 சட்டென உயர்ந்து டீமேக்ஸ் தாழ்ந்தால், வெளியிலிருந்து வந்து சேர்ந்த எண்ணெயோ சேற்றின் கலப்போ காரணமாகலாம். அந்த மாதிரியைக் கரைப்பானால் சுத்தம் செய்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். சுத்தம் செய்தபின் எஸ்2, டீமேக்ஸ் இரண்டும் பயன்படும், எஸ்1 பயன்படாது.