ஏழாம் பாடமும் எண்ணெய் மணமும்: திருமுழுக்கு ஆயத்த வகுப்பு எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

இந்தத் தவக்காலத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் பெரியவர்களுக்கான திருமுழுக்கு (ஞானஸ்நானம்) ஆயத்த வகுப்பை இரண்டு இளைய ஆசிரியர்களிடம் ஒப்படைத்துவிட்டு நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். 20 வருஷத்துக்கு முன்னால் நான் விட்ட பிழைகளை வரிசை மாறாமல் விட்டார்கள். தயாரிக்காமல் வருவது, நேரம் தவறுவது எல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

கல்யாணத் தேதிக்காகப் பாடத்தைச் சுருக்குவது

மண்டபம் புக் செய்தாயிற்று என்பது திருமுழுக்குக்குக் காரணம் ஆகாது.

வந்தவரின் கதையைக் கேட்காமல் தொடங்குவது

நட்டாலத்து நீலகண்ட பிள்ளை பொருள் இழந்த வருத்தத்தில் இருந்தபோது, 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத் தலைவர் டிலனாய் அவருக்கு விசுவாசப் பிரமாணத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. பைபிளில் வரும், எல்லாம் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார் என்பதுதான் நம் பக்கத்து வழக்கு. 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். டிலனாய் குருவானவர் அல்ல, பட்டாளக்காரர். இருந்தாலும் நம்மில் பலரைவிட நல்ல உபதேசியார்.

மனப்பாடத்தையே வகுப்பாக்குவது

சவேரியார் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி ஜெபங்களை மனப்பாடம் செய்யவைத்தார், உண்மைதான். அவருக்கு அடுத்த ஊருக்குப் போக வேண்டிய அவசரம் இருந்தது. நமக்கு என்ன அவசரம்?

பாஸ்காவோடு வகுப்பை முடித்துவிடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பாஸ்கா திருவிழிப்பு இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவில், தண்ணீர் ஊற்றி, எண்ணெய் பூசி, மெழுகுதிரி கொடுத்து, நற்கருணை வழங்கி, போட்டோ எடுத்து, பிரியாணியும் போட்டு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். பெரியவர்களின் திருமுழுக்குக்காக 1972-ல் ரோமையில் வெளியான சடங்குமுறை அப்படிச் சொல்லவில்லை. அதில் நான்கு கட்டங்கள். நான்காவது தொடங்குவதே திருமுழுக்குக்குப் பிறகுதான். ஈஸ்டரைத் தொடர்ந்து வரும் பாஸ்கா காலம் அதற்கென்றே இருக்கிறது. கிரேக்கத்தில் அதற்கு மிஸ்டகோகியா என்று பெயர். மறைபொருளுக்குள் ஆளைக் கூட்டிக்கொண்டு போவது. நாம் வாசல் வரை கூட்டிக்கொண்டு போய், அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

நானும் விட்டுவிட்டு வந்தவன்தான். ரப்பர் பால் வெட்டுகிற ஒருவருக்கு ஆயத்தம் செய்தேன். எண்ணெய், தண்ணீர், திரி எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதி 32 பக்கம் ஜெராக்ஸ் கொடுத்தேன். எனக்குப் பெரிய பெருமை. பாஸ்கா முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"சாரே, எப்பவும் ரப்பர் ஷீட் மணம் அடிக்க தலையணையில அந்த எண்ணெய் மணம் ரெண்டு நாளா போவல்ல. அது என்ன எண்ணெய்?"

"ஏழாம் பாடத்துல சொன்னேன்லா?" என்றேன்.

"செரி சாரே" என்று போய்விட்டார். கொஞ்ச நாள் ஞாயிறு பூசையில் பார்த்தேன், அப்புறம் ஆளைக் காணவில்லை.

அன்றைக்குச் சொல்லியிருக்க எவ்வளவோ இருந்தது. ஒலிவ எண்ணெயில் நறுமணத் தைலம் கலந்து, புனித வாரத்தில் குருக்கள் சூழ ஆயர் அர்ச்சிக்கிற எண்ணெய் அது. குருப்பட்டத்தில் குருவின் உள்ளங்கையில் பூசுவதும் அதேதான். கிறிஸ்து என்ற சொல்லுக்கே எண்ணெய் பூசப்பட்டவர் என்றுதான் பொருள். உங்கள் தலையணையில் இருப்பது அந்தப் பெயரின் மணம் என்று சொல்லியிருந்தால் அவர் உட்கார்ந்திருப்பார். இதெல்லாம் ஏழாம் பாடத்தில் இருந்தது. ஆனால் அதைப் படிக்கும்போது அவருக்கு மணம் தெரியாதே!

நான்காம் நூற்றாண்டில் எருசலேம் ஆயராக இருந்த சிரிலின் பெயரில் 5 உரைகள் உண்டு. ஐந்தும் திருமுழுக்கு முடிந்த பிறகு, புதியவர்களுக்குச் சொன்னவை. மூன்றாவது முழுக்க எண்ணெய் பற்றியது. கேட்பதைவிடக் காண்பது மனதில் பதியும், அதனால்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்று முதல் உரையிலேயே சொல்லிவிடுகிறார். நாமோ காத்திருக்க மாட்டோம், ஜெராக்ஸ் எடுத்துவிடுவோம்.

அதற்காக முன்கூட்டி ஒன்றுமே சொல்லக்கூடாது என்றில்லை. என்ன நடக்கும், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள், போதும். பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நான் இப்போது கோயில் முற்றத்தில் கட்டன் சாயாவோடு உட்காருகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று: அன்றைக்கு நடந்ததில் எது மனதில் நின்றது? ஓர் அம்மா தண்ணீர் காதுக்குள் போனதைச் சொன்னார். ஒரு பையன், திரி மெழுகு விரலில் சொட்டிச் சுட்டதைச் சொன்னான். அன்றைய பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது.

வெளிநாட்டு மாமாவை ஞானத்தந்தையாகப் போடுவது

அந்த எண்ணெயைப் பூசுகிற உறுதிபூசுதலில், பெறுபவரின் தோளில் கை வைக்க ஞானத்தந்தை நேரில் வேண்டும். வீடியோ காலில் கை வராது.