டயட்டா, ஆபரேஷனா? முடிவெடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

"வாயைக் கட்டினால் போதுமே, ஆபரேஷன் எதற்கு?" எடை குறைக்க இரைப்பையில் செய்யும் ஆபரேஷனைப் பற்றி, உடல் பருமனோடு போராடுகிறவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த பேச்சு இது. முதல் தவறும் இங்கேதான் இருக்கிறது. எடையை மன உறுதிக்கு வைத்த பரீட்சையாக நினைத்துவிடுகிறோம்.

எடை குறையும்போது உடல் சும்மா இருப்பதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது, வயிறு நிறைந்ததாக உணரவைக்கும் ஹார்மோன்கள் குறைகின்றன, உடல் செலவழிக்கும் கலோரியும் இறங்குகிறது. டயட்டில் எடை குறைத்தவர்களுக்கு இந்த ஹார்மோன் மாற்றங்கள் ஓராண்டு கழித்தும் நீடிப்பதை 2011-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. பலமுறை இளைத்துப் பலமுறை மறுபடி எடை ஏறியவர் சோம்பேறி இல்லை. 'நான்தான் சோம்பேறி' என்ற குற்ற உணர்ச்சியோடு முடிவெடுக்க உட்கார்ந்தால் பட்டினி கிடக்கத் தோன்றும், இல்லையென்றால் அவசரப்பட்டு ஆபரேஷனுக்குத் தேதி வாங்கத் தோன்றும்.

அதற்காக டயட்டை வீண் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் நன்றாக இறங்கும். பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. டைப் 2 சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களுக்குச் சில மாதங்கள் நாளுக்குச் சுமார் 830 கலோரி உணவு மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆனால் இதை வீட்டில் தானாகச் செய்துபார்க்க வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம்.

அடுத்து, யாருக்கு எது என்று பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து முடிவெடுப்பது. 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்படி, பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையை அளக்கும் எண்) 35-ம் அதற்கு மேலும் இருந்தால் ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம். சர்க்கரை நோய் போன்ற சிக்கல் இருந்தால் 30-லேயே யோசிக்கலாம். ஆசிய உடல்வாகுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம். பத்து கிலோ குறைய வேண்டியவருக்கும் ஐம்பது கிலோ குறைய வேண்டியவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

எனக்கு அதிகம் கவலை தருவது, ஆபரேஷனைக் குறுக்குவழி என்று நம்புவதுதான். ஸ்லீவ் என்ற ஆபரேஷன் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். அதைத் திரும்ப வைக்க முடியாது. எடையில் சராசரியாகக் கால் பங்கு குறைகிறது, கிரெலினும் குறைவதால் பசி அடங்குகிறது. ஆனால் சாப்பாட்டுக் கட்டுப்பாடு எங்கும் போய்விடாது. கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று, புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும். பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுக்க எடுத்துக்கொள்ள வேண்டும். இனிப்பான பானங்களை விடாமல் குடித்தால் எடை மெதுவாகத் திரும்பி வரும். உண்மையில் ஆபரேஷனும் ஒரு டயட்தான், பசி குறைந்த உடம்போடு செய்கிற டயட்.

டாக்டரிடம் மறைப்பதும் பெரிய தவறு. நெஞ்செரிச்சல் இருந்தால் சொல்லுங்கள். ஸ்லீவ் அதை அதிகமாக்கலாம், பைபாஸ் (இரைப்பையில் சிறு பை அமைத்து அதைக் குடலோடு இணைக்கும் ஆபரேஷன்) பொருத்தமாக இருக்கலாம். சிகரெட்டும் சில வலி மாத்திரைகளும் பைபாஸுக்குப் பின் குடல் இணைப்பில் புண் உண்டாக்கும். மது முன்பைவிட வேகமாக ஏறும். ஆபரேஷனுக்குப் பின் ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுவதால், இந்தப் பேச்சை முன்பே பேசிவிட வேண்டும். மனது கஷ்டப்படும்போது கட்டுப்பாடில்லாமல் சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதற்குத் தனியாகச் சிகிச்சை தேவைப்படலாம்.

இரண்டே வழிதான் என்று நினைப்பதும் இன்று பழைய கணக்கு. பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகளும் இருக்கின்றன; அவற்றில் செமாக்ளுடைடு எடையில் சராசரியாகச் சுமார் 15 சதவீதம் குறைக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, ஆபரேஷன்தான் என்று முடிவானால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "மூன்றாவது வருடம் என் ரத்தப் பரிசோதனையை யார் பார்ப்பார்கள்?" தெளிவான பதில் வரவில்லை என்றால், இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.