நடுநிலைப் பள்ளிக்குப் புதிய அறிவியல் பாடத்திட்டம்: நாங்கள் பணத்தைத் தொலைத்த இடங்கள்

போன மாதம் ஓர் இளம் குழு தங்கள் திட்ட வரைவைக் காட்ட வந்திருந்தது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் புதிய அறிவியல் பாடத்திட்டம், அதற்கு மூன்று ஆண்டு நல்கை (நிதியுதவி) கேட்டு ஒரு விண்ணப்பம். நல்ல யோசனைகள், நல்ல வேகம். ஆனால் செலவுப் பக்கத்தைத் திருப்பியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'பள்ளிக்கு 12 மைக்ரோஸ்கோப்' என்று தொடங்கியது பட்டியல். எந்தப் பாடத்துக்கு, எந்த வாரத்தில், யார் கையில் என்ற பேச்சே இல்லை. பல வருடங்களுக்கு முன்பு நான் எழுதிய முதல் வரைவும் மைக்ரோஸ்கோப்பில்தான் தொடங்கியது.

அவர்களிடம் சொன்னதையும், நேரமில்லாமல் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். கூட்டல் பிழை, கெடு தேதியைத் தவறவிடுவது, கையெழுத்து விட்டுப்போவது இதெல்லாம் இதில் வராது. ஒரு தடவை அடிபட்டால் அவை தானாகவே திருந்திவிடும். நான் சொல்லப்போகும் தவறுகள் அப்படியில்லை. செய்த ஆண்டில் அவை தெரியாது, இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரியும்.

ஒரே தடவை வரும் பணத்தை நம்பி, வருடா வருடம் வரும் செலவை மறப்பது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

எட்டாம் வகுப்பு மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் 40 பேர், குழுவுக்கு நால்வர், ஆக 10 குழு. ஒவ்வொரு குழுவுக்கும் 1.5 வோல்ட் செல் இரண்டு, 2.5 வோல்ட் டார்ச் பல்பு இரண்டு, ஒரு சுவிட்ச், கொஞ்சம் ஒயர். இருபது செல், இருபது பல்பு. அவ்வளவுதானே என்று தோன்றும். நாங்களும் அப்படித்தான் எழுதினோம்.

வகுப்பில் நடந்தது வேறு. இரண்டு செல்லைத் தொடராக இணைத்ததும் பல்பு பளிச்சென்று எரிந்தது. உடனே ஒரு பெண் பக்கத்துக் குழுவிடமிருந்து இன்னும் இரண்டு செல்லைக் கடன் வாங்கி நான்கையும் இணைத்தாள். 6 வோல்ட். ஒரு கணம் வெள்ளையாக மின்னிவிட்டு இழை அறுந்தது. வகுப்பே கைதட்டியது. அதைப் பார்த்து இன்னும் மூன்று குழுக்கள் அதையே செய்து பார்த்தன. பின்வரிசையில் ஒரு பையன் பல்பே இல்லாமல் செல்லின் இரண்டு முனைகளையும் வெறும் ஒயரால் இணைத்துப் பிடித்திருந்தான். சுட்டதும் உதறிவிட்டு, "சார், இதுக்குள்ள என்னவோ இருக்கு" என்றான். குறுக்குச் சுற்று என்றால் என்ன என்பதை அதற்குமேல் யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்தச் செல் மட்டும் அதோடு தீர்ந்தது.

அன்று மாலை எண்ணிப் பார்த்தேன். ஏழு பல்பு போயிருந்தது, ஐந்து செல் சோர்ந்திருந்தது. ஒரே பிரிவில், ஒரே பீரியடில். இன்னும் இரண்டு பிரிவுகள் பாக்கி.

இதை அன்றைக்கு நஷ்டம் என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு. அறுந்த இழையும் சூடான செல்லும்தான் அன்றைய பாடம். அறிவியல் வகுப்பு ஒழுங்காக நடந்தால் பொருள் தீரும், உடையும், கெடும். ஆண்டு முடிவில் பீரோவைத் திறக்கும்போது எல்லாம் புதுசாகவே இருந்தால் நான் இப்போதெல்லாம் பயப்படுகிறேன்.

எங்கள் நல்கைக்கும் மூன்று ஆண்டுதான் ஆயுள். முதல் ஆண்டுப் பணம் தாமதமாக வந்தது, கணக்கு முடிப்பதற்குள் செலவழித்தாக வேண்டும் என்றார்கள். அந்த அவசரத்தில் பெரிய பொருட்களாகப் பார்த்து வாங்கினோம். இரண்டாம் ஆண்டு பல்பு தீர்ந்தது. நிதி கொடுத்தவர்களிடம் கேட்டோம். 'நுகர்பொருள்', அதாவது பயன்படுத்தத் தீரும் பொருள், என்ற தலைப்பே எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை, கருவிகள் என்ற தலைப்பில் மட்டுமே செலவு செய்யலாம் என்று பதில் வந்தது. அதாவது இன்னொரு மைக்ரோஸ்கோப் வாங்கலாம், பல்பு வாங்கக் கூடாது. இருந்த மைக்ரோஸ்கோப்புகளுக்கே கவர்ஸ்லிப் (மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டு) தீர்ந்துபோயிருந்தது. அதுவும் நுகர்பொருள்தான்! அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்தத் தலைப்பைக் கேட்காமல் விட்டது நாங்கள்.

அப்புறம் நடந்தது மெதுவாக நடந்தது. முதல் ஆண்டு 10 குழு. இரண்டாம் ஆண்டு மிஞ்சியதை வைத்து 4 குழு, குழுவுக்குப் பத்துப் பேர், அதில் இருவர் செய்ய எட்டுப் பேர் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் ஆண்டு ஆசிரியர் மேசையில் ஒரே ஒரு சுற்று, மற்றவர்களுக்கு வேடிக்கை. நான்காம் ஆண்டு போய்ப் பார்த்தேன். கரும்பலகையில் மிக அழகாக ஒரு மின்சுற்றுப் படம் வரைந்திருந்தார் ஆசிரியர். பழைய பாடத்திட்டத்திலும் அதே படம்தான் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாற்றுப் பொருள் வராது என்று தெரிந்துவிட்டால் ஆசிரியர் பீரோவைப் பூட்டிவிடுவார். இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர். உடைந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். எங்கள் பள்ளி ஒன்றில் இருபது சோதனைக்குழாய்கள் மூன்று ஆண்டும் பிரிக்காத அட்டைப்பெட்டியிலேயே இருந்தன. கேட்டதற்கு, "உடைஞ்சா யார் தருவா?" என்றார் அந்த அம்மா. அவரிடம் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? இப்போது நான் ஒவ்வொரு செய்முறைக்கும் தனித்தனியாக ஒரு தாள் போட்டு, அதில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்கிறேன். எது பயன்படுத்தியதும் தீரும்? எது உடையும்? எது சும்மா வைத்திருந்தாலே கெடும்? எது பத்தாண்டு வரும்?

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். விடுமுறையில் பெட்டியிலேயே விட்டுவைத்த ஆல்கலைன் செல் கசிந்து, பிடிப்பான்களை அரித்துவிடும். ஆல்கஹால் தெர்மாமீட்டரைப் படுக்க வைத்தால் உள்ளே இருக்கும் திரவம் துண்டுபடும், அப்புறம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெப்பநிலை காட்டும். மூடி சரியாக மூடாத டப்பாவில் இருக்கும் லிட்மஸ் தாள் ஈரத்தையும் புகையையும் வாங்கி நிறம் மாறிவிடும். அயோடின் கரைசல் நாளாக நாளாக வெளுக்கும். சட்டக்காந்தங்களை ஒத்த முனைகள் சேர்ந்திருக்கும்படி அடுக்கிவைத்தால் வலு குறையும். இதெல்லாம் யாருடைய தவறும் இல்லை, ஆனால் இவற்றுக்கும் பணம் வேண்டும்.

இந்தத் தாள்களை ஐந்து ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள், மூன்றுக்கு இல்லை. நான்காம், ஐந்தாம் ஆண்டுச் செலவை யார் ஏற்பது என்பதை, நல்கை கையெழுத்தாகும் முன்பே பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால், திட்டத்தைப் பாதியாகச் சுருக்குங்கள். மூன்று வகுப்புக்குப் பதில் ஒரு வகுப்பு போதும். கஷ்டமாகத்தான் இருக்கும்.

கூடவே, ஆசிரியர் கையில் ஒரு சிறு தொகை, கொட்டேஷன் கேட்காத தொகை. உருகுநிலைப் பாடத்துக்கு ஐஸ் கட்டி வேண்டும். மூன்று மாதம் முன்பே மூன்று கொட்டேஷன் வாங்கி ஐஸ் கட்டி வாங்குவது எப்படி என்று எங்கள் கணக்காளருக்கு விளக்க எனக்கு ஒரு முழு மதியம் பிடித்தது. கடைசியில் ஆசிரியர்கள் தங்கள் சொந்தக் காசில் வாங்கினார்கள். அந்தச் செலவு எந்த அறிக்கையிலும் இல்லை.

பீரியடைத் தாளில் எண்ணுவது

வாரத்துக்கு 4 பீரியட், 36 வாரம், ஆக 144. இந்த எண்ணை வைத்துப் பாடங்களைப் பிரித்தால் கடைசி இரண்டு அலகுகள் அந்தரத்தில் நிற்கும். ஓராண்டு நாங்கள் ஒவ்வொரு பள்ளியிலும் உண்மையில் நடந்த வகுப்புகளைக் குறித்துவைத்தோம். தேர்வு, விழா, ஆசிரியர் விடுப்பு எல்லாம் போக எங்குமே 100-ஐத் தொடவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 40 நிமிடப் பீரியடில் பொருட்களை எடுத்துக்கொடுக்க 8 நிமிடம், கழுவித் திருப்பி வைக்க 7 நிமிடம். செய்து பார்க்கவும் பேசவும் மிஞ்சுவது 25. இரண்டு பீரியடைச் சேர்த்துக் கேளுங்கள். கால அட்டவணை போடுபவரைத் திட்டத்தின் முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள், நிதி கொடுப்பவருக்கும் முன்னால்.

இயற்கை நம் அட்டவணைப்படி நடக்கும் என்று நம்புவது

விதை முளைப்பதை விடுமுறைக்கு நான்கு நாள் முன்பு தொடங்கினோம். திரும்பி வந்தபோது எல்லாம் காய்ந்து கிடந்தது. நிலவின் வளர்தேய்வைப் பார்க்க 29.5 நாள் வேண்டும், அதற்கு மழை மாதத்தை ஒதுக்கியிருந்தோம். பிள்ளைகள் மேகத்தை வரைந்து கொண்டுவந்தார்கள்.

சிறந்த ஆசிரியரை வைத்து வெள்ளோட்டம் பார்ப்பது

வெள்ளோட்டத்துக்கு ஆர்வமுள்ள ஆசிரியரைத் தேடுவது இயல்பு. அவரிடம் எதைக் கொடுத்தாலும் நடத்திவிடுவார், நம் பாடத்தின் ஓட்டையை அவரே அடைத்தும் விடுவார். நமக்கு ஓட்டை தெரியாமலே போகும். வேறு பாடம் படித்துவிட்டு அறிவியல் எடுக்க வேண்டி வந்தவர், நாற்பது பேர் வகுப்பு, ஒரே ஒரு குழாய் உள்ள அறை: அங்கே ஓடினால்தான் எங்கும் ஓடும். அங்கே கடைசி இருக்கையில் உட்கார்ந்து ஒரு வாரம் பார்த்தால் போதும், வரைவில் பாதியை நாமே அடித்துத் திருத்துவோம்.

வெள்ளோட்டத்துக்கு முன்பே அச்சடிப்பது

எங்கள் பயிற்சித்தாளில், மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைப் பல்புக்குப் பக்க இணைப்பில் வரைந்திருந்தோம். தொடரில் இருக்க வேண்டியது. அப்படி இணைத்தால் மின்னோட்டம் பல்பை விட்டுவிட்டு அம்மீட்டர் வழியாகப் பாயும், முள் ஓரத்தில் போய் முட்டும், அம்மீட்டரே கெடலாம். மூன்று பேர் மெய்ப்புப் பார்த்தோம், மூன்று பேருமே எழுத்துப்பிழையைத்தான் பார்த்தோம். எல்லாப் பள்ளிகளுக்கும் பிரதி போன பிறகு, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் "ஏன் பல்பு எரியல?" என்று கேட்டான். முதல் ஆண்டு நகலெடுத்துக் கொடுங்கள், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

தேர்வைத் தொடாமல் விடுவது

வகுப்பில் செய்து பார்க்கச் சொல்லிவிட்டு, தேர்வில் 'வரையறு' என்று கேட்டால் ஆசிரியர் எதை நடத்துவார்? மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் இதை முதலிலேயே பிடித்துவிட்டார்கள். புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வு, தனியாகச் செய்முறைத் தேர்வு என்று மாற்றினார்கள். ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடிப் பேசவும் ஏற்பாடு இருந்தது. 1978-இல் மாவட்டம் முழுக்கப் பரவி, மாநில அரசு 2002-இல் நிறுத்தும் வரை ஓடியது. முப்பது ஆண்டு. நம் திட்டங்களில் பெரும்பாலானவை மூன்றைத் தாண்டுவதில்லை.

தேர்வை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லையென்றால், பள்ளிக்குள் நடக்கும் மதிப்பீட்டில் பத்து மதிப்பெண்ணாவது செய்முறைக்கு வாங்கப் பாருங்கள். அந்தப் பத்துக்காகவாவது பீரோ திறக்கும்.

ஒரு நாள் பயிற்சி

போதாது. பாதி நாள் உரையிலேயே போய்விடும். ஆசிரியர் தன் கையால் பல்பை எரியவிட்டுப் பார்க்காத பயிற்சிக்குச் செலவே செய்யாதீர்கள்.

பழைய பட்டியலை நகலெடுப்பது

இளம் குழுவின் பட்டியலில் பாதரசத் தெர்மாமீட்டர் இருந்தது. பாதரசம் குறித்து 2013-இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு மினமாட்டா உடன்படிக்கை, அவற்றின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2020-க்குள் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. பட்டியல் யாருடையது என்று கேட்டேன். என் பழைய திட்டத்திலிருந்து எடுத்தார்களாம்.

வாங்கியதை எண்ணி அறிக்கை எழுதுவது

எத்தனை மைக்ரோஸ்கோப் என்று எழுதாதீர்கள். எத்தனை பிள்ளைகள் கண்ணை வைத்துப் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். எண் சிறியதாகத்தான் வரும்.

லோகோ

முதல் ஆண்டில் வேண்டாம். நாங்கள் செய்தோம். பல்பு எல்லாம் போன பிறகும் பீரோக் கதவில் அது இன்னும் பளபளப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.