சங்கு, அம்பர், தந்தக் கலைப்பொருள்களை ஆராய்ந்து காக்கும் முறை

உயிரினம் உருவாக்கிய பொருளில் கைவினைஞர் வேலை செய்திருக்கும்போது, இயற்கையின் பங்கு எங்கே முடிகிறது, உளியின் பங்கு எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் கண்டுகொள்ள வேண்டும். அதற்கு முன் பொருளைத் துடைக்கவோ மெருகேற்றவோ கூடாது. இடுக்குகளில் படிந்திருக்கும் நிறமும் மெழுகும்கூடச் சான்றுகளே. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸும், பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கக்கூடிய சிறு விளக்கும் தொடக்கத்திற்குப் போதும்.

சங்கு வேலைப்பாடுகளே இந்தப் பயிற்சிக்கு மிகச் சிறந்தவை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் பொற்கொல்லர்கள் வெள்ளியில் பதித்துக் கிண்ணங்களாக்கிய நாட்டிலஸ் என்னும் கடல் மெல்லுடலியின் ஓடுகள் பலவற்றில், செம்பழுப்புப் பட்டைகள் கொண்ட வெளி அடுக்கு அகற்றப்பட்டு, அடியிலுள்ள முத்தொளிர் அடுக்கு வெளிப்படுத்தப்பட்டிருக்கும். விளிம்பிலோ மடிப்பிலோ பழைய அடுக்கின் மிச்சம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தால், எவ்வளவு நீக்கப்பட்டது என்பது விளங்கும். சங்கில் செதுக்கிய கேமியோ என்னும் புடைப்புருவத்தை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் உருவம் ஊடுருவித் தெரியும். பின்புறம் பெரும்பாலும் ஓட்டின் இயல்பான வளைவோடு சற்றே குழிந்திருக்கும். கூர்மையற்ற கோடுகளும் நுண்ணிய காற்றுக்குமிழிகளும் தென்பட்டால், அது அச்சில் வார்த்த பிசினாக இருக்கக்கூடும்.

தொன்மையான மரப்பிசின் இறுகி உருவான அம்பரின் அடர்த்தி ஏறத்தாழ 1.05 முதல் 1.10 வரை இருப்பதால், 200 மில்லி நீரில் 50 கிராம் உப்பைக் கரைத்த கரைசலில் அது மிதக்கும். கண்ணாடியும் பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக்கும் மூழ்கும். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும், இளம் பிசினான கோபலும் மிதக்குமாதலால், இந்தச் சோதனை போலிகளில் சிலவற்றை விலக்குமே தவிர, அம்பர் என்பதை உறுதிசெய்யாது. உலோகம் பதித்த, நூலில் கோத்த, விரிசல் விட்ட பொருள்களை ஒருபோதும் கரைசலில் இடக்கூடாது.

தந்தத்தின் குறுக்குவெட்டுப் பரப்பில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகளைப் பார்க்க வேண்டும். தந்தத்தின் வெளிவிளிம்பை ஒட்டி அவை அமைக்கும் கோணம் யானைத் தந்தத்தில் பொதுவாக 115 பாகைக்கு மேலும், அழிந்துபோன யானையினமான மாமத்தின் தந்தத்தில் 90 பாகைக்குக் கீழும் இருக்கும். தந்தமும் அழுங்காமை ஓடும் வனவிலங்கு வணிகச் சட்டங்களுக்கு உட்பட்டவை. ஆகவே வாங்குவதற்கு முன்பே ஆவணங்களைக் கேட்டுப் பெறுவது கட்டாயம்.

பாதுகாப்பில் பலரும் பிழை செய்வது அலமாரியில்தான். ஓக் போன்ற மரங்களும் சில அட்டைகளும் வெளியிடும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகள் சங்கின் கால்சியம் கார்பனேட்டைத் தாக்கி, வெண்ணிற உப்பாகப் பூக்கச் செய்கின்றன. இது நோயன்று என்றாலும், 1899இல் இதை விவரித்த பைன் (Byne) என்ற சங்கு ஆய்வாளர், நுண்ணுயிரே காரணம் என்று கருதியதால் 'பைன் நோய்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. மிக அழகான மரப்பேழையே சங்குக்கு மிக மோசமான உறைவிடமாகலாம் என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பூச்சு முழுமையாக உலர்ந்த உலோக அலமாரி, அமிலமற்ற தாள், ஏறத்தாழ 50 சதவீத ஈரப்பதம் ஆகியவை பாதுகாப்பானவை. வெண்பூச்சு கண்ட சங்கை உடனே பிற பொருள்களிடமிருந்து பிரித்து, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். அந்த உப்பு நீரில் கரையுமெனினும், நிறம் தீட்டிய அல்லது வெள்ளி பதித்த படைப்பைத் தாமாகக் கழுவாமல், அருங்காட்சியகப் பொருள்களைப் பராமரிக்கும் வல்லுநரிடம் ஒப்படைப்பதே முறை.