கிளாட் ரேங்க் சரியா வரலையா? திரும்ப எழுதறதா வேணாமான்னு முடிவு பண்றது எப்படி

ரிசல்ட் வந்த வாரத்துல முடிவு எடுக்காதீங்க. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நான் அந்த வாரத்துலதான் எடுத்தேன். 2022 டிசம்பர் 18, பன்னெண்டாவது படிச்சிட்டு இருக்கும்போது முதல் தடவை கிளாட் (தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள்ல சேர எழுதற நுழைவுத்தேர்வு) எழுதினேன், ஒரு வாரத்துக்குள்ள ரிசல்ட் வந்துச்சு, ரேங்க்கை பார்த்துட்டு கதவ சாத்திட்டு அழுதேன், மூணாவது நாளே ஒரு கோச்சிங்ல இருந்து போன், ட்ராப்பர் பேட்ச்ல (ஒரு வருஷம் காலேஜ் சேராம திரும்ப எழுதறவங்களுக்கான வகுப்பு) சீட் கம்மியா இருக்கு, ஞாயித்துக்கிழமைக்குள்ள பணம் கட்டினா தள்ளுபடின்னு. அப்பா எதுவும் கேக்காம கட்டிட்டார். பப்ளிக் எக்ஸாமே இன்னும் எழுதல, வேற எந்த காலேஜ் கிடைக்கும்னு பார்க்கல, அதைவிட முக்கியமா நான் எதுல மார்க்கை விட்டேன்னே தெரியாது. அடுத்த வருஷம் எனக்கு ஒரு என்எல்யூல (அதே தேசிய சட்டப் பல்கலைக்கழகம்) இடம் கிடைச்சது உண்மைதான், ஆனா அதே பேட்ச்ல என் பக்கத்துல உக்காந்து என்னைவிட அதிகமா படிச்ச பொண்ணுக்கு முதல் தடவைய விட மார்க் குறைஞ்சது. அவ இதை படிக்கிற மாதிரி நினைச்சுதான் எழுதறேன்.

முதல்ல காலண்டரை பாருங்க. இப்போ கிளாட் டிசம்பர்ல நடக்குது, நீங்க பன்னெண்டாவதுல இருக்கும்போதே. மார்ச்ல பப்ளிக் எக்ஸாம். மே, ஜூன்ல இருந்து தமிழ்நாட்டுல சட்டக் கல்லூரி விண்ணப்பம், கவுன்சிலிங். அடுத்த கிளாட் மறுபடி டிசம்பர். அதாவது "ட்ராப் போடறேன்"னு டிசம்பர்லயே சொல்ல வேண்டிய அவசியம் எங்கயுமே இல்ல. ஏப்ரல் வரைக்கும் நீங்க எப்படியும் பப்ளிக்குக்குத்தான் படிக்க போறீங்க, நிஜமா கிளாட்டுக்கு கையில கிடைக்கிறது ஏப்ரல்ல இருந்து நவம்பர் வரைக்கும் எட்டு மாசம். அவசரப்படுத்துறது யாருன்னா பீஸ் வாங்கறவங்க மட்டும்தான்.

இன்னொன்னு, ரேங்க்கே மாறலாம். 2024 டிசம்பர் 1 எழுதினவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க, ஆன்சர் கீல தப்பு இருக்குன்னு டெல்லி ஹைகோர்ட்டுக்கு போய், அங்க ரெண்டு கேள்வி விஷயத்துல எழுதினவங்க பக்கம் தீர்ப்பு வந்து, அப்பீல் ஆகி, கடைசில சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2025 மே மாசம்தான் ஒரு முடிவுக்கு வந்துச்சு. அத்தன மாசமும் கவுன்சிலிங் நின்னு போச்சு. எல்லா வருஷமும் இப்படி நடக்காது, ஆனா ஒரு மார்க்குக்கு நூத்துக்கணக்கான ரேங்க் மாறுற பரீட்சைல டிசம்பர்ல வந்த நம்பரை கல்வெட்டா நினைக்காதீங்க.

சரி, இப்போ முக்கியமான வேலை. உங்க வினாத்தாளையும் நீங்க போட்ட விடைகளையும் எடுத்து வெச்சுக்கிட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா ஒதுக்கி, விட்ட ஒவ்வொரு கேள்வியையும் ஏன் விட்டோம்னு பக்கத்துல எழுதுங்க. மொத்த மார்க்கோ செக்‌ஷன் மார்க்கோ இதுக்கு உதவாது, காரணம்தான் வேணும். எனக்கு தெரிஞ்சு நாலே காரணம்தான் வரும்: விஷயம் தெரியல, நேரம் பத்தல, ரெண்டு ஆப்ஷன்ல தப்பானதை எடுத்துட்டேன், கேள்விய சரியா படிக்கல இல்ல ஓஎம்ஆர் விடைத்தாள்ல வட்டத்தை மாத்தி நிரப்பிட்டேன்.

ஒரு உதாரணம் போட்டு பார்க்கலாம். 120 கேள்வி, ரெண்டு மணி நேரம், தப்புக்கு கால் மார்க் போகும். ஒருத்தர் 110 அட்டெம்ப்ட் பண்ணி 74 சரி, 36 தப்புன்னு வைங்க. 74ல 9 போச்சு, 65 மார்க். தப்பானது 36, தொடாதது 10, ஆக மொத்தம் 46 கேள்வி. இதுல தெரியாம விட்டது 14, நேரம் இல்லாம தொடாதது 10 ப்ளஸ் கடைசி அஞ்சு நிமிஷத்துல கண்ண மூடிட்டு நிரப்பி தப்பானது 8, ரெண்டு ஆப்ஷன் குழப்பம் 9, கவனக்குறைவு 5. இந்த ஆளுக்கு பிரச்சனை அறிவு இல்ல, வேகம். அந்த பதினெட்டுல பன்னெண்டை அடுத்த வருஷம் சரி பண்ணா, தொடாததுல ஆறு, கண்ண மூடி போட்டதுல ஆறுன்னு வெச்சுக்கிட்டா, முதல் ஆறுக்கு 6 மார்க், ரெண்டாவது ஆறுக்கு ஒவ்வொன்னுக்கும் ஒன்னேகால் வீதம் 7.5, 65 ஆனது 78.5 ஆகும். கிளாட்ல 13 மார்க்ங்கிறது வேற உலகம்.

ஏன் இந்த பிரிப்பு முக்கியம்னா, ஒரு வருஷம் எல்லா ஓட்டையையும் அடைக்காது. வேகம் ஒரு வருஷத்துல நிச்சயமா மாறும், அதுவும் நம்ம ஊர் பிள்ளைங்களுக்கு. கிளாட் ஆங்கிலத்துல மட்டும்தான், எல்லா செக்‌ஷனும் 450 வார்த்தை வரைக்கும் போற பத்தியா குடுத்துட்டு அதுல இருந்துதான் கேள்வி, கணக்குல கூட குட்டிக் குட்டி பத்தி. தமிழ் மீடியத்துல படிச்சவங்க, இல்ல இங்கிலீஷ் மீடியம்னு பேரு ஆனா கிளாஸ்ல எல்லாமே தமிழ்லதான் நடந்துச்சுன்னு இருக்கறவங்க (நான் ரெண்டாவது ரகம்), நமக்கு மூளை கம்மி இல்லங்க, கண்ணு அந்த மொழில ஓடி பழகல, அவ்ளோதான். தினம் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் பேப்பர் தலையங்கமும் நடுப்பக்க கட்டுரையும் வாசிச்சா முதல் ரெண்டு மாசம் ஒன்னும் தெரியாது, அஞ்சாவது மாசம் திடீர்னு பத்தி சின்னதா தெரிய ஆரம்பிக்கும். உங்க விடைத்தாள்ல தப்புகளோட பெரிய குவியல் இதுன்னா, திரும்ப எழுதறதுக்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

கணக்கும் அப்படித்தான், பத்தாவது லெவல், 10ல இருந்து 14 கேள்வி, சதவீதம், விகிதம், சராசரி, ரெண்டு மாசம் உக்காந்தா முடிஞ்சிடும். பயந்து மொத்தமா விட்டுட்டு வந்தவங்களுக்கு இது கைல கிடைக்கிற காசு.

கரண்ட் அஃபேர்ஸ்தான் ஏமாத்தும். 28ல இருந்து 32 கேள்வி, பெரிய பங்கு. ஆனா நீங்க போன வருஷம் படிச்சதுல பெரும்பகுதி அடுத்த டிசம்பருக்கு பழசாயிடும், அதனால "ஏற்கனவே பாதி படிச்சிருக்கேன்"னு கணக்கு போடாதீங்க, இதுல ட்ராப்பரும் புதுசா எழுதறவங்களும் கிட்டத்தட்ட ஒரே கோட்டுலதான் நிக்கிறாங்க. தினம் படிக்கிற பழக்கம் வந்துச்சான்னுதான் கேள்வி.

ரெண்டு ஆப்ஷன் குழப்பம், முக்கியமா லீகல் ரீசனிங்ல, இது மெதுவா மாறும், சிலருக்கு மாறவே மாறாது. பத்தில என்ன விதி குடுத்திருக்காங்களோ அதை மட்டும் வெச்சு பதில் சொல்லணும், வெளில தெரிஞ்ச சட்டத்தையும் நம்ம மனசுல இருக்கிற நியாயத்தையும் உள்ள கொண்டு வரக்கூடாது. நிறைய படிச்சவங்கதான் இதுல அதிகம் மாட்டுவாங்க. என் ஃப்ரெண்டுக்கு நடந்தது இதுதான், அவளுக்கு குவியல் முழுக்க இந்த மூணாவது ரகம், ஆனா எட்டு மாசமும் புதுசு புதுசா மெட்டீரியல் படிச்சாளே தவிர பழைய தப்பு ஏன் தப்புன்னு உக்காந்து பார்க்கவே இல்ல. பார்க்க சொல்லி குடுக்க அவளுக்கும் ஆள் இல்ல, எனக்கும் ஆள் இல்ல.

அடுத்து, மாக் (மாதிரித் தேர்வு) மார்க்கை எடுங்க. கடைசி பத்து மாக்ல வந்த மார்க்கை ஏறு வரிசைல எழுதி நடுவுல இருக்கறதை பாருங்க, அதிகபட்சத்தை இல்ல. மெயின் பரீட்சை மார்க் அந்த நடு மார்க்கை ஒட்டி இருந்தா அன்னைக்கு உங்களுக்கு எந்த துரதிர்ஷ்டமும் நடக்கல, உங்க நிலைமை அதுதான், அதை மாத்தணும்னா படிக்கிற முறையவே மாத்தணும். நடு மார்க்கை விட பத்து பன்னெண்டு கீழ இருந்தா அன்னைக்கு ஏதோ ஆயிருக்கு, காய்ச்சலா, பதட்டமா, ஒரே பத்தில பதினஞ்சு நிமிஷம் சிக்கிட்டீங்களா, அது என்னன்னு பேர் சொல்ல முடிஞ்சா திரும்ப எழுதறது நியாயம். பத்து மாக்கே எழுதலைன்னா, நீங்க இன்னும் முதல் தடவையே முழுசா எழுதலைன்னுதான் நான் சொல்லுவேன், அதுவும் ஒரு வகைல நல்ல செய்திதான்.

இப்போ வாய்ப்புகள். தமிழ்நாட்டுல இருக்கற நமக்கு ஒரு வசதி, இங்க சட்டம் படிக்க நுழைவுத்தேர்வு வேணாம். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோட சீர்மிகு சட்டப்பள்ளி ஆகட்டும், சென்னை, மதுரை, திருச்சி, கோவை, நெல்லைன்னு இருக்கற அரசு சட்டக் கல்லூரி ஆகட்டும், பன்னெண்டாவது மார்க்தான். என்எல்யூல வருஷத்துக்கு லட்சக்கணக்குல ஆகும், அரசு சட்டக் கல்லூரில அதுல ஒரு சின்ன துண்டுதான். கோர்ட்ல வக்கீலா நிக்கணும்னா, அதுவும் நம்ம ஊர் கோர்ட்ல தமிழ்ல வாதாடணும்னா, அரசு சட்டக் கல்லூரி ரெண்டாந்தரம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, நம்ம ஹைகோர்ட் நீதிபதிகள் எத்தன பேர் அங்க இருந்து வந்தவங்கன்னு பாருங்க. பெரிய கார்ப்பரேட் கம்பெனி, மும்பை டெல்லி லா ஃபர்ம்னு ஆசை இருந்தா கேம்பஸ் ப்ளேஸ்மென்ட் விஷயத்துல பழைய என்எல்யூக்களுக்கு மதிப்பு அதிகம், அங்க ஒரு வருஷம் போட்டாலும் அர்த்தம் இருக்கு. அதனால "எனக்கு எந்த என்எல்யூ கிடைச்சா இங்க இருக்கறதை விட்டுட்டு போவேன்"னு பேர் எழுதி ஒரு லிஸ்ட் போடுங்க. சிலருக்கு அந்த லிஸ்ட்ல மூணு பேர்தான் வரும், பெங்களூர், ஹைதராபாத், கல்கத்தா. அப்போ உங்க இலக்கு அந்த மூணுக்கும் போன வருஷம் கடைசியா சீட் போன ரேங்க், அதுக்கும் உங்க ரேங்க்குக்கும் எவ்ளோ தூரம்னு நேர்மையா பாருங்க. திருச்சி என்எல்யூ லிஸ்ட்ல இருந்தா தமிழ்நாட்டுக்காரங்களுக்கான ஒதுக்கீட்டு ரேங்க்கை தனியா பாருங்க, அகில இந்திய கட்-ஆஃபை மட்டும் பார்த்துட்டு மனச விட்றாதீங்க.

காலேஜ்ல சேர்ந்துட்டு கூடவே கிளாட் எழுதலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. எழுதலாம், வயசு வரம்பு இல்ல, எத்தன தடவைன்னும் வரம்பு இல்ல. ஆனா மூணு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. பார் கவுன்சில் விதிப்படி ஒவ்வொரு பாடத்துலயும் 70 சதவீதம் அட்டென்டன்ஸ் வேணும், செமஸ்டர் பரீட்சை நவம்பர் டிசம்பர்ல கிளாட் பக்கத்துலயே வரும். கிளாட்ல இடம் கிடைச்சா முதல் வருஷத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும், நடுவுல சேர முடியாது. டிசி, ஒரிஜினல் மார்க்‌ஷீட் எப்படி திரும்ப வாங்கறதுன்னு சேரறதுக்கு முன்னாடியே ஆபீஸ்ல கேட்டுக்கணும். இவ்ளோ இருந்தாலும் வீட்டுல பணம் இறுக்கமா இருக்கறவங்களுக்கும், வீட்டுல ஒரு வருஷம் சும்மா இருந்தா மாப்பிள்ளை பேச்சு வந்துடும்னு பயம் இருக்கற பொண்ணுங்களுக்கும் நான் இந்த வழியத்தான் சொல்லுவேன். ஐடி கார்டு கைல இருந்தா வீட்டுல பேசற விதமே மாறும்.

இன்னும் சந்தேகமா இருந்தா இதை செஞ்சு பாருங்க. பப்ளிக் எக்ஸாம் முடிஞ்ச மறுநாள் இல்ல, ஒரு வாரம் நல்லா தூங்கிட்டு, முப்பது நாள் ட்ராப் போட்ட மாதிரியே வாழுங்க, பணம் கட்டாம, இருக்கற புக்கை வெச்சு. தினம் அஞ்சு மணி நேரம், வாரம் ஒரு மாக், மாக் முடிஞ்ச அடுத்த நாள் முழுக்க அந்த தப்புகளை பார்க்கறது. காலண்டர்ல படிச்ச நாளை டிக் பண்ணுங்க. முப்பதுல இருபத்தஞ்சு டிக் வந்துச்சா, நாலாவது மாக் முதல் மாக்கை விட கொஞ்சமாவது ஏறுச்சான்னு பாருங்க. பதினஞ்சு டிக்தான் வந்துச்சுன்னா அது சோம்பேறித்தனம்னு நான் சொல்ல மாட்டேன், தனியா வீட்டுல உக்காந்து எட்டு மாசம் படிக்கறது எல்லாராலயும் முடியாது, அப்படின்னா காலேஜ்ல சேர்ந்துடுங்க. இந்த முப்பது நாள் முடியும்போது கவுன்சிலிங் கடைசி தேதி இன்னும் தாண்டியிருக்காது, அதுதான் இதோட அழகு. அந்த விண்ணப்பத்தை மட்டும் எந்த காரணத்துக்காகவும் போடாம இருக்காதீங்க, நான் போடாம விட்டேன், எட்டு மாசமும் கைல வேற எதுவுமே இல்லைங்கிற பயத்தோடதான் படிச்சேன்.

பரீட்சையும் அப்படியே இருக்கும்னு நினைக்காதீங்க. நான் முதல் தடவை எழுதினப்போ 150 கேள்வி, 2023 டிசம்பர் 3 திரும்ப எழுதினப்போ 120, நேரம் அதே ரெண்டு மணி. வருஷ நடுவுல மாத்தினாங்க. எனக்கு அது சாதகமாச்சு, ஏன்னா என் குவியல் நேரக் குவியல்.

எழுதறதுன்னு முடிவாச்சுன்னா டெல்லி என்எல்யூ தனியா நடத்தற நுழைவுத்தேர்வான ஐலெட்டும் சேர்த்து போடுங்க, அதுவும் டிசம்பர்தான், இங்கிலீஷ், கரண்ட் அஃபேர்ஸ், லாஜிக் மட்டும், கணக்குக்குன்னு தனிப் பகுதி கிடையாது. சேர்ந்துடறதுன்னு முடிவாச்சுன்னா, அஞ்சு வருஷம் கழிச்சு எல்எல்எம்முக்கு (சட்டத்துல முதுகலை) இதே என்எல்யூக்கள் கிளாட் பிஜி வழியா எந்த சட்டக் கல்லூரில படிச்சவங்களையும் எடுத்துக்கறாங்க. கிளாட் விண்ணப்பம் ஜூலை ஆகஸ்ட் வாக்குல திறக்கும், பொதுப்பிரிவுக்கு 4000 ரூபாய், எஸ்சி எஸ்டிக்கு 3500. சென்டர் கேக்கும்போது முந்தின நாள் ராத்திரி உங்க வீட்டு கட்டில்லயே தூங்கிட்டு போக முடியற ஊரா பார்த்து போடுங்க.