கேரவன் வண்டியில் இன்ஜின் சூடேறினால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

மதுரைக்குள் ஒழுங்காக ஓடிய கேரவன், போடிநாயக்கனூரைத் தாண்டி போடிமெட்டு மலைச்சாலையில் ஏறத் தொடங்கியதும் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நோக்கி நகர்வதைப் பார்த்துப் பதறியவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிராவலர் வேனில் கட்டில், அடுப்பு, பேட்டரிகள், கூரை ஏசி, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்று ஏற்றிய பிறகு (தண்ணீர் மட்டுமே 100 கிலோ), இன்ஜின் எப்போதும் பாரத்தோடுதான் ஓடுகிறது. காரில் வெளியே தெரியாத சிறு குறைகூட இதில் உடனே தெரிந்துவிடும்.

முதலில் வண்டியைக் காப்பாற்ற வேண்டும். முள் சற்றே ஏறியிருந்தால் ஏசியை அணைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, இரண்டு நிமிடம் நியூட்ரலில் ஓடவிட்டுப் பாருங்கள். ஆவி வந்தாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கொட்டினாலோ உடனே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். ஆவி பறக்கும்போது முள் திடீரென்று கீழே விழுந்தால் சூடு தணிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்; சென்சாரைத் தொடும் அளவுக்குக்கூடத் திரவம் இல்லை என்பதாகவும் அது இருக்கலாம். ஆண்டிப்பட்டிக் கணவாயில் வண்டி நின்றால் யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு வாளித் தண்ணீருடன் வருவார். அவருக்கு நன்றி சொல்லி, அந்தத் தண்ணீரை இன்ஜின்மீது ஊற்றாமல் தடுத்துவிடுங்கள். கொதிக்கும் இன்ஜின்மீது பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) விரிசல் விடக்கூடும். ரேடியேட்டர் மூடியைக் குறைந்தது முக்கால் மணி நேரத்துக்குத் தொடவே கூடாது.

அடுத்து, எதையும் கழற்றுவதற்கு முன்னால், எப்போது சூடேறியது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பாதி நோயறிதல் இதிலேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். கோரிப்பாளையம் நெரிசலில் நிற்கும்போது ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால், குறை பெரும்பாலும் ஃபேன் பக்கம்தான்: பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஃபேனைச் சுழற்றும் கிளட்ச் நழுவலாம், மின் ஃபேனாக இருந்தால் அதற்கு மின்சாரம் விடும் ரிலே போயிருக்கலாம். அதற்கு மாறாக, நெரிசலில் சும்மா இருந்துவிட்டு நான்கு வழிச் சாலையில் நீண்ட நேரம் விரட்டும்போது ஏறினால், ரேடியேட்டருக்குள் கூலண்டோ அதன் ஊடே காற்றோ போதிய அளவு போகவில்லை. காலையில் கிளம்பிப் பத்து நிமிடத்திலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), கூலண்ட் குறைவு, ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) ஆகிய மூன்றையும் சந்தேகிக்கலாம். மலையில் மட்டும் ஏறினால், மேற்சொன்னவற்றில் ஏதோ ஒன்று பாதி கெட்டிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவதாக, இன்ஜின் முழுவதும் ஆறிய காலையில் கூலண்ட் அளவையும் மூடியையும் பாருங்கள். மூடி வெறும் மூடியன்று. குக்கரின் வெயிட் போல அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை உயர்த்துவதே அதன் வேலை. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், கொடைக்கானல் உயரத்தில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரப்பர் வாஷர் வெடித்த மூடி மதுரையில் சமாளித்துவிட்டு மலையில் காலை வாருவதற்கு இதுவே காரணம். சில நூறு ரூபாய்ப் பொருள் என்பதால் ஐயமிருந்தால் மாற்றிவிடலாம். ஆனால் மூடியில் பொறித்திருக்கும் அழுத்த எண் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

நான்காவது சோதனைதான் பலரும் தவறவிடுவது. என் வண்டி மெட்டில் சூடேறியபோது, ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டையும் வாட்டர் பாடியையும் (கூலண்டைச் சுற்றவிடும் பம்ப்) அடுத்தடுத்து மாற்றினார்கள். பணம் போனதே தவிர சூடு போகவில்லை. பிறகு நானே முன்கிரில்லைக் கழற்றி, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள இரண்டு விரல் இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். போடிப் பக்கத்து இலவம் பஞ்சு, பூச்சி இறகு, செம்மண் தூசி எல்லாம் சேர்ந்து, பழைய தலையணையைப் பிரித்து வைத்தாற்போல் ஒரு மெத்தையே படிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருந்தது! இதைக் கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் கன்னைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று வழியே அடைபட்டுவிடும்.

காற்று சரியென்றால் உள்ளோட்டத்தைப் பாருங்கள். முள் ஏறிய நிலையில் ரேடியேட்டரின் மேல் ஓஸ் சுட, கீழ் ஓஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கின்றன. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டிப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதன்மேல் பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டித் திறக்க வேண்டும். பல வண்டிகளில் அது 82 டிகிரி. அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். சில இன்ஜின்களில் அப்படிச் செய்தால் கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியே சுற்றிக்கொண்டு, சூடு முன்பைவிடக் கூடும். குழாய் அடைப்புக்கு நம் ஊரில் முதல் காரணம் போர் தண்ணீர். வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே உப்புப் படிவுதான் உள்ளேயும் படிகிறது.

இத்தனைக்குப் பிறகும் கூலண்ட் சொட்டாமலே குறைந்தால், ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் நிற்காமல் வந்தாலோ, ஆயில் குச்சியில் பால் விட்ட டீ நிறம் தெரிந்தாலோ, ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் கட்டி இழுத்தே பட்டறைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

வேலை எதுவாக இருந்தாலும், முடிந்தபின் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் கலந்து, வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கும்படி நிறுத்தி, காற்று முழுவதும் வெளியேறும்வரை மெல்ல நிரப்புங்கள். மறுநாள் காலை அளவு சற்று இறங்கியிருந்தால் காற்றுக் குமிழி வெளியேறியதுதான். நிரப்பிவிட்டு, அதற்கடுத்த நாளும் இறங்குகிறதா என்று பாருங்கள்.