லோடர் மக்கர் செய்தால் பம்ப்பைக் கழற்றும் முன்

பக்கெட் தூக்கவில்லை, தூக்கினால் இறங்கவில்லை, தூக்கி நிறுத்தினால் தானாகவே இறங்கிவிடுகிறது. மினி டிராக்டரின் முன்பக்க லோடர் பற்றி அடிக்கடி வரும் புகார்கள் இந்த வகைதான். மூன்றுக்குமே சட்டென்று வரும் பதில் ஒன்று: "பம்ப் போயிடுச்சு." ஆயிலை அழுத்தித் தள்ளி லோடரை இயக்கும் அந்த ஹைட்ராலிக் பம்ப் போவதும் உண்டுதான். ஆனால் அதைச் சந்தேகிப்பது கடைசியில்தான் இருக்க வேண்டும்.

லோடரைக் கழற்றி மாட்டியதும் கோளாறு தொடங்கியதா? அப்படியானால் குயிக் கப்ளரை, அதாவது லோடர் ஹோஸை டிராக்டரோடு சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்பை, தாண்டி எங்கேயும் போகாதீர்கள். கப்ளருக்குள் ஸ்பிரிங் வைத்த சின்ன வால்வு இருக்கிறது. கப்ளர் முழுசாக உட்காராவிட்டால் அது ஆயிலை அடைத்துவிடும், அல்லது ஒரு திசையில் மட்டும் விடும். பக்கெட் மேலே போய் அங்கேயே நின்றுகொள்வது பெரும்பாலும் இதனால்தான். கப்ளர் உள்ளே போகாமல் முரண்டு பிடித்தால் சுத்தியலை எடுக்க வேண்டாம். ஹோஸில் பிரஷர் மாட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றும்போதே பக்கெட்டைத் தரையில் வைத்து, எஞ்சினை அணைத்து, லீவரை நாலு பக்கமும் ஆட்டிவிட்டால் இந்தத் தொல்லையே வராது. ஹோஸ்களுக்குக் கலர் டேப் சுற்றி வைப்பதும் நல்லது. இரண்டு மாறிப்போனால் லீவர் தலைகீழாக வேலை செய்யும்.

அடுத்தது ஆயில். பக்கெட் மேலே இருக்கும்போது அளவு பார்ப்பது தவறு. ஆயிலில் ஒரு பகுதி அப்போது பக்கெட்டைத் தூக்கும் சிலிண்டருக்குள் இருக்கும். குறைவாகத் தெரிகிறதே என்று ஊற்றினால் கூடிப்போகும். டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, பக்கெட்டை இறக்கிவிட்டுப் பாருங்கள். பெரும்பாலான மினி டிராக்டர்களில் கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான், அதனால் கையில் கிடைத்ததை ஊற்றக்கூடாது. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்திருந்தால் காற்று. காற்று நுழைவது பெரும்பாலும் பம்ப்புக்கு ஆயில் இழுக்கும் பக்கத்து ஹோஸில். அங்கே கிளாம்ப் தளர்ந்தால் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் காற்றை மட்டும் உறிஞ்சும். பம்ப் ஊளையிடும், பக்கெட் விட்டுவிட்டு ஏறும். அடைத்துப்போன ஃபில்டரும் இதே சத்தத்தைத்தான் கொடுக்கும். இந்த ஊளையைக் கேட்டுத்தான் நல்ல பம்ப்பைக் கழற்றுகிறார்கள்!

தூக்கிய பக்கெட் மெல்ல இறங்கினால் உடனே சிலிண்டர் சீல் மாற்றுவது இன்னொரு வழக்கம். கொஞ்சம் யோசியுங்கள். பிஸ்டன் சீல் தேய்ந்தால் ஆயில் பிஸ்டனைத் தாண்டி மறுபக்கம் போகும், சரி. ஆனால் பக்கெட் இறங்கும்போது சிலிண்டர் ராடும் உள்ளே வர வேண்டும். அந்த ராடின் பருமனுக்குச் சமமான ஆயில் சிலிண்டரை விட்டு வெளியேறினால்தான் அது நடக்கும். லீவர் இயக்கும் கண்ட்ரோல் வால்வு இறுக்கமாக மூடியிருந்தால் ஆயிலுக்குப் போக வழியில்லை. ஆகவே வெளியே ஒழுகல் எதுவும் இல்லாமல் பக்கெட் தரை வரைக்கும் வருகிறது என்றால், முதல் சந்தேகம் வால்வின் ஸ்பூல் (உள்ளே நகர்ந்து ஆயில் வழியைத் திறந்து மூடும் தண்டு) மேல்தான். நேரம் போகப்போகச் சிறிது இறங்குவது எந்த லோடரிலும் இயல்பு.

கோளாறே இல்லாத கோளாறுகளும் உண்டு. ஐட்லிங்கில் பக்கெட் மெதுவாக ஏறுகிறது என்பார்கள். எஞ்சின் வேகத்துக்கு ஏற்றபடிதான் பம்ப் ஆயில் தள்ளும். லீவர் ஃப்ளோட்டில், அதாவது பக்கெட் தரையின் மேடுபள்ளத்தோடு தானாக ஏறி இறங்கும் நிலையில், சிக்கியிருந்தால் பக்கெட் மண்ணை அழுத்தவே அழுத்தாது.

தூக்கும் சக்தி போதவில்லை என்று, பிரஷர் அளவு மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வில் வாஷர் போட்டு இறுக்குவதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை. பிரஷர் கேஜ் மாட்டி அளக்காமல் அதைத் தொடக்கூடாது. ஹோஸ், சிலிண்டர், லோடர் கை எல்லாமே அந்தப் பிரஷரை நம்பித்தான் இருக்கின்றன. தூக்கும்போது பின்சக்கரம் லேசாகும் டிராக்டரில் இது இன்னும் ஆபத்து. அங்கே தேவை பின்னால் எடை.

ஒழுகலைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். தூக்கி நிற்கும் லோடருக்கு அடியில் எதற்காகவும் நுழைய வேண்டாம்.

ஹோஸோ சீலோ மாற்றினால், முதலில் எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பக்கெட்டைச் சுமையில்லாமல் முழு நீளத்துக்குச் சில முறை ஏற்றி இறக்குங்கள். காற்று வெளியேறிய பிறகு ஆயில் அளவு இறங்கியிருக்கும். மறுபடி பார்த்து ஊற்றிவிட்டுத்தான் சுமை ஏற்ற வேண்டும்.